இரும்பு மறைந்தது, கல் நின்றது! பெங்களூர் வீரக்கற்கள் சொல்லும் ஆயுதக் கதை

பெங்களூருக்குப் பெயர் வந்த கதையைக் கேட்டால் "வெந்த பயறு" கதையைச் சொல்லாதவர் இல்லை. வேட்டைக்குப் போய் வழி தவறிய வீர பல்லாள மன்னனுக்கு ஒரு கிழவி வேக வைத்த பயற்றைக் கொடுத்துப் பசி ஆற்றினாளாம். "பெந்த காளூரு" நாளடைவில் பெங்களூர் ஆயிற்றாம்.

குழந்தைகளுக்குச் சொல்ல நல்ல கதைதான். ஆனால் அந்த மன்னன் பட்டத்துக்கு வருவதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊரின் பெயர் கல்லில் ஏறி விட்டது. அதுவும் சமையல் சங்கதியாக அல்ல, சண்டைச் சங்கதியாக!

நகரின் தெற்கே பேகூரில் நாகேசுவரர் கோவில் இருக்கிறது. அங்குள்ள கி.பி. 890–900 காலத்துக் கன்னடக் கல்வெட்டு ஒன்று, நாகத்தரன் என்ற தலைவனின் வீட்டைச் சேர்ந்தவர் "பெங்களூர்ப் போரில்" மாண்ட செய்தியைச் சொல்கிறது. இந்த ஊரின் பெயருக்கு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்று, ஒரு சாவுச் செய்திதான்.

அந்தப் போர் வீரர்கள் எதை ஏந்திப் போரிட்டார்கள்? உடம்பில் என்ன அணிந்திருந்தார்கள்? இதற்கும் நம் ஊர்க் கற்களே பதில் சொல்கின்றன.

யானையை எதிர்த்த நாகத்தரன்

பேகூரில் இருந்த மற்றொரு பெரிய கல், கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்துக்குக் கொண்டு வரப்பட்டது. கங்க மன்னன் எரெயப்பனின் காலத்தைச் சேர்ந்தது அது. வீரமகேந்திரன் என்பவனை எதிர்த்து நின்ற அய்யப்பதேவனுக்குத் துணையாகப் படையுடன் போகும்படி நாகத்தரனுக்கு மன்னன் ஆணையிட்டான். தும்பெபாடி என்ற இடத்தில் போர் நடந்தது. தன் பக்கத்துப் படை நிலை குலைந்தபோது, நாகத்தரன் யானைகளுக்கு நடுவே புகுந்து போரிட்டு உயிர் விட்டான். அதன் பிறகு இருகன் என்பவனுக்கு நாகத்தரன் என்ற பட்டத்தையும், பெம்பூர் பன்னிரண்டு என்ற ஊர்த் தொகுதியையும் மன்னன் அளித்தான். அந்தப் பெம்பூர்தான் இன்றைய பேகூர்.

கல்லில் அந்தப் போரையே செதுக்கி வைத்திருக்கிறார்கள். யானை, குதிரை, வில்லாளிகள், வாள் வீரர்கள், கீழே விழுந்து கிடக்கும் உடல்கள் என்று ஒரு போர்க்களமே அதில் அடங்கியிருக்கிறது.

கவசம் இல்லாத வீரன்

கன்னடத்தில் வீரகல்லு, தமிழில் நடுகல். இரண்டும் ஒன்றுதான். தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதியில் இவை ஏராளம். டாக்டர் இரா. நாகசாமி பதிப்பித்த "செங்கம் நடுகற்கள்" என்ற நூலைத் தமிழ்நாடு தொல்பொருள் துறை 1972-ம் ஆண்டு வெளியிட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கமும் நடுகற்கள் நிறைய உண்டு.

பழைய நடுகற்களில் வீரனின் கோலம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். தூக்கி முடிந்த கொண்டை. இடுப்பில் இறுக்கிக் கட்டிய குட்டைத் துணி. ஒரு கையில் வில், அல்லது சிறிய கேடயம். மறு கையில் வாள் அல்லது குறுவாள். சில கற்களில் வீரன் உடம்பில் அம்புகள் தைத்து நிற்பதையும் காணலாம்.

தலைக்கவசமோ மார்புக்கவசமோ பெரும்பாலும் இல்லை. வெறும் மேனிதான்!

கவசம் என்றால் என்ன என்று தெரியாதவர்கள் அல்லர் நம் முன்னோர். "மெய்ம்மறை" என்று அதற்கு அழகான பழந்தமிழ்ப் பெயரே உண்டு. கேடயத்துக்குத் தோல், பலகை, கிடுகு என்று பல பெயர்கள். "தோல்" என்ற பெயரே அது எதனால் செய்யப்பட்டது என்பதைக் காட்டி விடுகிறது. ஆனால் நடுகல்லில் நிற்பவர்களில் பலர் மன்னர்கள் அல்லர். கள்வர் ஓட்டிச் சென்ற ஊர் மாடுகளை மீட்கப் போய் மாண்டவர்கள். இரும்புக் கவசம் அவர்கள் வாங்கக் கூடிய பொருளா?

ஆறு எருது விலை!

இந்தக் கேள்விக்கு விலைப் பட்டியலோடு பதில் சொல்லும் ஒரு சட்ட நூல் ஐரோப்பாவில் இருக்கிறது. ரோமப் பேரரசு சரிந்த பிறகு அங்கே தலையெடுத்தவர்கள் ஜெர்மானிய இனத்தார். பிராங்குகள், சாக்சன்கள், லொம்பார்டுகள் எல்லோரும் அந்த இனத்தின் கிளைகள். ரைன் நதிக் கரையில் இருந்த ரிப்புவாரியப் பிராங்குகளின் சட்டம், தண்டப் பணத்துக்குப் பதிலாகப் பொருள் கொடுத்தால் எந்தப் பொருளை என்ன விலைக்கு எடுத்துக் கொள்ளலாம் என்று வகுத்து வைத்தது. கணக்கு, சொலிடஸ் என்ற பொற்காசில்.

நல்ல எருது ஒன்று 2 காசு. ஈட்டியும் கேடயமும் சேர்த்து 2 காசு. உறையோடு வாள் 7 காசு. தலைக்கவசம் 6 காசு. இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த உடற்கவசம் 12 காசு!

ஒரு குடியானவன் ஓர் எருதை விற்றால் ஈட்டியும் கேடயமும் வாங்கிக் கொண்டு போருக்குப் போகலாம். வாள் வேண்டுமானால் மூன்றரை எருது. உடற்கவசம் வேண்டுமானால் ஆறு எருது. அதாவது மூன்று ஏர் மாடுகள். அதை விற்று விட்டு அவன் எதை வைத்து உழுவான்?

எனவே ஜெர்மானியப் படையிலும் பெரும்பாலோர் ஈட்டிக்காரர்களே. மரப் பலகையால் செய்த வட்டக் கேடயம், அதன் நடுவில் கைப்பிடியைக் காக்க ஓர் இரும்புக் குமிழ். பிராங்குகளிடம் எறிகோடரி உண்டு. சாக்சன்களிடம் "சாக்ஸ்" என்ற ஒரு பக்கக் கூர்மையுள்ள கத்தி. அந்த இனத்தின் பெயரே அந்தக் கத்தியால் வந்தது என்பார்கள். வாளும் கவசமும் தலைவர்களின் சொத்து. கவசம் இல்லாமல் சாகப் போனவன் அங்கும் ஏழைதான், இங்கும் ஏழைதான்.

அங்கே இரும்பு, இங்கே பெயர்

ஆனால் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. அவர்கள் இறந்தவனோடு ஆயுதத்தையும் சேர்த்துப் புதைத்தார்கள். 1939-ம் ஆண்டு இங்கிலாந்தின் சபோக் மாவட்டத்தில், சட்டன் ஹூ என்ற இடத்தில் ஒரு மண்மேட்டைத் தோண்டினார்கள். உள்ளே சுமார் 90 அடி நீளக் கப்பல் ஒன்றின் தடம்! அதற்குள் வாள், ஈட்டிகள், கேடயம், உடற்கவசம், முகமூடியோடு கூடிய தலைக்கவசம். நூற்றுக்கணக்கான துண்டுகளாகக் கிடந்த அந்தத் தலைக்கவசத்தைப் பிரிட்டிஷ் மியூசியத்தார் ஒட்டிச் சேர்த்தார்கள். கி.பி. 7-ம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த கல்லறை அது. இவ்வளவும் கிடைத்தது, ஆனால் அங்கே புதைக்கப்பட்டவர் யார் என்று எழுதி வைத்த ஓர் எழுத்துக்கூட இல்லை. இன்ன மன்னராக இருக்கலாம் என்று ஊகம்தான் செய்கிறார்கள்.

கிட்டத்தட்ட அதே காலத்தில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ம் ஆட்சியாண்டில், செங்கத்துக்கு அருகே எடுத்தனூரில் ஒரு கல் நடப்பட்டது. அங்கே மாண்டவன் கருந்தேவகத்தி. அவன் விழுந்த பிறகும் அவனை விட்டு அகலாமல், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது அவன் நாய். அந்த நாயின் பெயர் கோவிவன்!

கருந்தேவகத்தியின் ஆயுதம் எந்த மண்ணில் துருப்பிடித்துப் போயிற்றோ, யாருக்கும் தெரியாது. ஆனால் 1,400 ஆண்டுகள் கழித்தும் அவன் பெயர் தெரிகிறது. அவன் நாயின் பெயரும் தெரிகிறது. நம் நாட்டிலும் மிகப் பழைய காலத்தில் ஆயுதங்களைப் புதைத்தது உண்டு. ஆதிச்சநல்லூர்த் தாழிக் காட்டில் கிடைத்த இரும்பு ஆயுதங்களே சாட்சி. பிற்காலத்து வீரனுக்கோ கல்தான் கல்லறை, வரலாறு எல்லாம்.

அம்பா, வாளா?

இன்னொரு கல்லையும் பார்ப்போம். மாண்டியா மாவட்டத்து ஆதகூர்க் கல், பெங்களூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அதிலும் ஒரு நாய் உண்டு. மணலேரன் என்ற வீரன் போரில் காட்டிய திறமைக்குப் பரிசாக, கங்க மன்னன் பூதுகனிடம் கேட்டு வாங்கிய நாய் "காளி". அது காட்டுப் பன்றியோடு போரிட்டு, பன்றியும் நாயும் சேர்ந்தே செத்தன. அதற்காக எழுப்பிய கல் இது.

அந்தக் கல்வெட்டுக்குள்தான் தமிழக வரலாற்றின் பெரும் செய்தி ஒன்று இருக்கிறது. கி.பி. 949-ல் நடந்த தக்கோலப் போரில் முதல் பராந்தக சோழனின் மகன் இராஜாதித்தன் மாண்ட செய்தி. அரக்கோணத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ரெயிலில் போகிறவர்கள் தக்கோலம் ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள், அந்த ஊர்தான். யானையின் அம்பாரியையே போர்க்களமாக்கிப் பூதுகன் இராஜாதித்தனைக் கொன்றான் என்கிறது ஆதகூர்க் கல். அப்படியானால், கைக்கு எட்டும் தூரத்தில் வீசும் ஆயுதமாகத்தான் இருக்க வேண்டும். லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்ற சோழர்களின் ஆனைமங்கலச் செப்பேடோ, யானை மேல் இருந்தபோது கூரிய அம்பு நெஞ்சில் பாய்ந்து அவன் மாண்டான் என்கிறது.

வென்றவன் கல் ஒன்று சொல்கிறது. தோற்றவன் செப்பேடு வேறொன்று சொல்கிறது. ஆனால் "யானை மேல் துஞ்சினான்" என்பதில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை. ஆதகூர்க் கல் இல்லாமல் போயிருந்தால், ஒரு பக்கத்துக் கதையை மட்டுமே நாம் படித்திருப்போம்.

சாக்கடைப் பலகையா, சரித்திரமா?

இவ்வளவும் ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது? நகரம் வளர வளர, பழைய ஊர்களின் கற்கள் வீட்டு அஸ்திவாரத்துக்கும் சாக்கடை மூடிக்கும் போய்க் கொண்டிருப்பதால்தான். ஹெப்பாளில் 2018-ம் ஆண்டு தெருவோரத்தில் கவனத்துக்கு வந்த ஒரு கல், கி.பி. 750 வாக்கில், கங்க மன்னன் ஸ்ரீபுருஷனின் காலத்தில் போரில் மாண்ட கித்தையன் என்ற வீரனுக்கு எழுப்பியது. பேகூர்க் கல்வெட்டைவிட ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழையது. ஊர் மக்களும் ஆர்வலர்களும் முயன்றதால் அது தப்பியது. மிதிக் சொசைட்டி 2021 முதல் பெங்களூர்ப் பகுதிக் கல்வெட்டுகளை முப்பரிமாணப் படமாகப் பதிவு செய்து வருகிறது. எழுத்து தேய்ந்த கல்லைக்கூட அந்தப் படத்தில் படிக்க முடிகிறது.

நம்மவர்கள் வாழும் பகுதிகளிலும் இத்தகைய கற்கள் இருக்கலாம். டொம்ளூர் சொக்கநாதர் கோவிலில் தமிழ்க் கல்வெட்டுகளே இருக்கின்றன. கல்லில் எழுத்து கன்னடமா, தமிழா என்று பார்க்க வேண்டியதில்லை. அடியில் போர்க் காட்சி, நடுவில் வீரனைத் தூக்கிச் செல்லும் தேவ மகளிர், மேலே சிவலிங்கம் என்று மூன்று அடுக்கு கொண்ட கல்லானாலும், வில்லோடு ஒற்றை ஆளாய் நிற்கும் கல்லானாலும் அது வீரக்கல்.

அப்படி ஒன்றைக் கண்டால் பெயர்க்க வேண்டாம். பெயிண்ட் பூச வேண்டாம். எண்ணெய் ஊற்றவும் வேண்டாம். இருக்கிற இடத்திலேயே படம் பிடித்து, தொல்பொருள் துறைக்கோ மிதிக் சொசைட்டிக்கோ தெரிவியுங்கள். கவசம் இல்லாமல் போனவனுக்கு மிஞ்சிய ஒரே கவசம், அவன் பெயரைத் தாங்கும் அந்தக் கல்தான்.