பழைய பென்ஸ் காரும் பின்கதவுப் பூட்டும்

வளைகுடா நாடுகளில் பொருளீட்டித் திரும்பியோர் முன்னாளில் கொண்டுவந்த மெர்ஸிடிஸ் பென்ஸ் கார்கள் நம் பாலக்காட்டுப் பக்கத்தில் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. நம் சங்க அன்பர்களிலும் சிலர் அவற்றை விரும்பி வாங்குகின்றனர். மாளிகை போன்ற வண்டி பழுதானால் அச்சமும் அதற்கேற்பப் பெரிதாகிவிடுகிறது. அவ்வச்சத்தினால் என் மைத்துனர் பெருந்தொகை ஒன்றை இழக்கவிருந்தார். அந்த வரலாறு பிறருக்கும் பயன்படக்கூடும் என்று கருதி இதனை எழுதுகிறேன்.

மைத்துனர் மூணாற்றில் தேயிலைத் தோட்டத்தில் பணிபுரிபவர். இடுக்கி மாவட்டத்திற்கு இன்றளவும் இரயில் இல்லை. மூணாற்றில் முன்பு ஓடிய சிறிய இரயிலும் 1924-ஆம் ஆண்டு வெள்ளத்தோடு போயிற்று. (இரயில்வே எழுத்தனாகிய எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு.) நோயுற்ற தம் தாயாரை அவர் மாதந்தோறும் மறையூர், சின்னாறு, உடுமலை வழியாகக் கோவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். அம்மையாருக்குப் பேருந்துப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே, சேமிப்பில் பாதியைக் கொடுத்து, 1982-ஆம் ஆண்டு 240 டி என்னும் டீசல் வண்டி ஒன்றை வாங்கினார். 1976 முதல் சுமார் பத்தாண்டுக் காலத்தில் ஏறக்குறைய 27 இலட்சம் வண்டிகள் வெளிவந்த வரிசை அது. உழைப்புக்குப் பேர்பெற்றது.

வாங்கிய மூன்றாம் வாரம் விந்தையானதொரு தொல்லை தோன்றியது. சாவியைத் திருப்பி வெளியே எடுத்த பின்னும் எஞ்சின் நிற்கவில்லை! காலையில் கிளப்புவதும் கடினமாயிற்று. அவர் காட்டிய பட்டறையில், "எஞ்சினை இறக்கிப் பிரிக்கவேண்டும், 85,000 ரூபாய் ஆகும்" என்று கூறிவிட்டனர். "மச்சான், வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடட்டுமா?" என்று தொலைபேசியில் கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது. அவசரப்படவேண்டாம் என்று சொல்லி, வண்டியைப் பாலக்காட்டிற்குக் கொண்டுவரச் செய்தேன்.

இங்குள்ள முதிய மெக்கானிக் ஒருவர் எஞ்சினைத் தொடவேயில்லை. முதலில், "கதவுகள் ஒருசேரப் பூட்டுகின்றனவா?" என்று கேட்டார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பின்னிருக்கையில் அமர்ந்திருந்த என் மாமியார், "இந்தப் பக்கத்துக் கதவு மட்டும் பூட்டுவதில்லையப்பா, நான் கையால்தான் குமிழை அழுத்துகிறேன்" என்றார். மெக்கானிக் தலையசைத்தார். பூட்டுகளுக்குச் செல்லும் மெல்லிய குழாயைக் கழற்றி, அதன் வாயை ஒரு திருகாணியால் அடைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் அக்கணமே நின்றது.

காரணம் இதுதான். பெட்ரோல் எஞ்சினில் மின்பொறியை நிறுத்தினால் ஓட்டம் நின்றுவிடும். டீசல் எஞ்சினுக்கு மின்பொறி வேண்டியதில்லை; எரிபொருளை அடைத்தால்தான் நிற்கும். இவ்வண்டியில் அந்த வேலையைச் செய்வது காற்றை உறிஞ்சியெடுத்த வெற்றிடம். எஞ்சினோடு சுழலும் பம்பு ஒன்று அதனை உண்டாக்குகிறது. சாவியைத் திருப்பியதும் டீசல் பம்பின் பின்புறமுள்ள சிறு கிண்ணத்தை வெற்றிடம் இழுக்க, எரிபொருள் தடைப்படுகிறது. கதவுப் பூட்டுகளை இயக்குவதும் அதே வெற்றிடம். பிரேக்குக்குத் துணைவலிமை தருவதும் அதுவே. நாற்பதாண்டு பழைய கதவொன்றினுள் ரப்பர்த் தோல் கிழிந்தமையால் காற்று புகுந்து, எஞ்சினை நிறுத்தும் வலிமை குன்றிவிட்டது.

இரயில்வே அன்பர்களுக்கு இது புதிதன்று. முன்னாளைய வண்டிகளில் இருந்த வாக்குவம் பிரேக்கில் 53 செ.மீ. வெற்றிடம் வைத்திருப்பர், குழாய் கசிந்தால் வண்டி தானே நின்றுவிடும். இங்கோ கசிந்தால் எஞ்சின் நிற்க மறுக்கிறது!

இதனைச் சிறு தொல்லையென்று விடலாகாது. கசிவு முதன்மைக் குழாயிலேயே இருந்தால் பிரேக் மிதி கல்லாக இறுகும். மூணாற்றிலிருந்து மறையூர் இறக்கத்தில் அந்நிலை நேர்ந்தால் என்னாகும் என்று எண்ணிப்பாருங்கள். மிதி வழக்கத்தைவிட இறுகினால் மலைச்சாலையில் ஓட்டவே வேண்டாம். வீட்டு வாசலில் எஞ்சின் நிற்க மறுத்தால், பானெட்டைத் திறந்து, 'ஸ்டாப்' என்று குறித்திருக்கும் நெம்புகோலைக் கையால் அழுத்துக, நின்றுவிடும். இது தெரியாமல் கியரைப் போட்டு, கிளட்சை விட்டு அடக்குவோரும் உண்டு.

காலையில் கிளம்பாமைக்கும் எஞ்சின் தேய்வு காரணமன்று. இவ்வெஞ்சினில் வால்வுகளின் டாப்பெட் இடைவெளியைக் காலாகாலத்தில் சரிசெய்துவர வேண்டும். உள்வாங்கும் வால்வுக்கு, எஞ்சின் குளிர்ந்திருக்கையில், 0.10 மி.மீ. இடைவெளி. பலகாலம் கவனியாதிருந்தால் அது குறுகி, வால்வு முழுதும் மூடாமல் அழுத்தம் கசிகிறது. அதனைக் கண்டு 'ரிங் தேய்ந்துவிட்டது' என்று எஞ்சினைப் பிரிப்பவர் பலர். அரைநாள் வேலையில் அது சரியாயிற்று. ஹீட்டர் பிளக் ஒன்றும் எரிந்திருந்தது. 1980-க்கு முந்திய வண்டிகளில் இவை சீரியல் விளக்குப்போல் ஒரே தொடரில் இருக்கும். ஒன்று போனால் எல்லாம் போகும். வாங்குவோர் ஆண்டைக் கேட்டுக்கொள்க.

ரேடியேட்டர் மூடியையும் புதிதாக மாற்றச் சொன்னார். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள மூணாற்றில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும்; அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால்தான் அது பொங்காமல் இருக்கும். எஞ்சின் சூடாயிருக்கும்போது மட்டும் மூடியைத் திறந்துவிடாதீர்கள்.

மொத்தச் செலவு நாலாயிரத்திற்குள் அடங்கிற்று. கிழிந்த ரப்பருக்கு மாற்று இன்னும் கிடைக்கவில்லை. அக்கதவுக்கான குழாயை அடைத்தே வைத்திருக்கிறோம். சென்ற வாரம் கோவைக்குப் போய்த் திரும்பினர். மாமியார் இறங்கியதும் பின்கதவின் குமிழைத் தம் கையாலேயே அழுத்திப் பூட்டினாராம்.