விமானியாக விரும்பும் பிள்ளைகளும் ஆயத்த வகுப்புக் கட்டணமும்

பிள்ளையை விமானியாக்க விழையும் பெற்றோர் சிலர் அண்மைக் காலமாக ஒரே வினாவுடன் நம்மை நாடி வருகின்றனர். பயிற்சியில் சேருமுன் திறனறித் தேர்வு ஒன்று உண்டு, அதற்கு ஆயத்தம் செய்து தருவதாகக் கூறும் வகுப்புகள் பெருந்தொகை கேட்கின்றன, கட்டலாமா, வேண்டாமா? சென்ற மாதம் வந்த ஒரு தாய், காதுத் தோட்டை அடகு வைக்கும் முடிவோடேயே வந்திருந்தார். "நாளைக்குள் கட்டினால்தான் இடமாம், சாமி" என்றார். அந்த "நாளைக்குள்" என்ற சொல்லே நமக்கு முதல் ஐயத்தை விளைவித்தது.

இத்தேர்வு நேற்று முளைத்ததன்று. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க வான்படையில் உளநூல் அறிஞர் ஜான் பிளானகன் தலைமையில் இதற்கெனப் பெருமுயற்சி நடைபெற்றது. 1943ஆம் ஆண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞரை, அவர்கள் பெற்ற மதிப்பெண்ணைப் பாராமலே பறக்கும் பயிற்சிக்கு அனுப்பிப் பார்த்தனர். மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றோருள் ஏறத்தாழ அனைவரும் இடையிலேயே விலக்கப்பட்டனர்; உயர்ந்த மதிப்பெண் பெற்றோரே மிகுதியாகத் தேறினர். அன்று முதல் உலகெங்கும் இவ்வகைத் தேர்வு பரவலாயிற்று.

தேர்வில் கேட்கப்படுவதுதான் என்ன? நெட்டுருச் செய்து ஒப்பிப்பதற்கு அங்கே ஏதுமில்லை. கையால் ஒரு கோலையும் காலால் மிதிகளையும் இயக்கி, ஓடித் திரியும் ஒளிப்புள்ளியை நடுவிலே நிறுத்த வேண்டும். திசைகாட்டியையும் செயற்கை அடிவானக் கருவியையும் படத்தில் பார்த்து, விமானம் எப்பக்கம் சாய்ந்துள்ளது, ஏறுகிறதா இறங்குகிறதா என நொடியில் உரைக்க வேண்டும். செவியிற் கேட்ட எண்களை நினைவில் இருத்திக்கொண்டே மனக்கணக்கும் செய்ய வேண்டும். எல்லாம் சேர்ந்து வரும்போதும் பதறாதவன் எவன் என்பதே தேர்வாளர் அறிய விரும்புவது.

இதனைக் கற்பிக்க இயலுமா? ஓரளவு இயலும். நமக்குத் தெரிந்த இளைஞன் ஒருவன் தன் கணிப்பொறியில் இத்தகைய பயிற்சியொன்றை வைத்திருந்தான். நாமும் அமர்ந்து பார்த்தோம். முதன்முறை புள்ளி ஓரிடத்தும் நில்லாமல் ஓடிற்று. ஐம்பதைக் கடந்த கைகளல்லவா! மூன்றாம் முறை ஓரளவு அடங்கிற்று. அதன்பின் எத்தனை முறை முயன்றும் நம் மதிப்பெண் அதிகம் உயரவில்லை. புதுமையால் வரும் தடுமாற்றம் பழக்கத்தால் நீங்கும். அதற்கு மேல் உயர்வு சிறிதே. கோலையே தொட்டறியாத சிற்றூர்ப் பிள்ளை அத்தடுமாற்றத்தைப் போக்கிக்கொள்வதில் குற்றமில்லை, அது நியாயமே. அதற்குச் சில நூறு ரூபாய்ப் பயிற்சி நூலும், கடன் வாங்கிய கணிப்பொறியும், பொறுமையும் போதும்.

இந்திய வான்படையின் பறக்கும் பிரிவுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அங்குள்ள கணிப்பொறி வழித் திறனறித் தேர்வை வாழ்நாளில் ஒரு முறையே எழுதலாம். தவறினால் மறுமுறை கிடையாது. எனவே அங்கே அறியாமையோடு போகலாகாது. ஆனால் போகுமுன் செய்ய வேண்டியதும் முன் கூறிய அதே எளிய பழக்கமே.

பெற்றோர் பெரும்பாலும் எண்ணிப் பாராத வேறொன்று உண்டு. வணிக விமானி உரிமத்துக்கு இருநூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்காகும் செலவு பல பத்து இலட்சம். விமான நிறுவனங்கள் நடத்தும் சில பயிற்சித் திட்டங்களோ ஒரு கோடியையும் தொடுகின்றன. எல்லாப் பறக்கும் பள்ளிகளும் திறனறித் தேர்வு வைப்பதுமில்லை. பணம் கட்டியவரைச் சேர்த்துக்கொள்வாரும் உண்டு. அப்படியிருக்க, வீட்டையும் நிலத்தையும் ஈடு வைக்குமுன்னே "உன் பிள்ளைக்கு இது பொருந்தாது" என்று சொல்லிவிடும் தேர்வைப் பகைவனாக எண்ணி, பணம் கொடுத்து ஏமாற்ற முயலுவது யாருக்கு இழப்பு? இயல்பாகவே கை வராத பிள்ளையை வகுப்பின் வலிமையால் உள்ளே தள்ளிவிட்டால், எண்பதாம் மணியில் ஆசிரியர் "இனி வேண்டாம்" என்பார். அதுவரை கட்டிய பணம் திரும்புமா?

"தேர்ச்சி உறுதி" என்று விளம்பரம் செய்பவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: தேறாவிடில் கட்டணத்தை முழுவதும் திருப்புவீர்களா? அதை எழுத்தில் தருவீர்களா? அந்தத் தாய் அங்கிருந்தே தொலைபேசியில் கேட்டார். மறுமுனையில் இருந்தவர், மேலாளரைக் கலந்து சொல்வதாகக் கூறினார். பின்பு அழைக்கவே இல்லை.

பையனுக்கு மருத்துவச் சோதனை ஆயிற்றா என்று நாம் கேட்டோம். ஆகவில்லை! உரிமத்துக்கு இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு என இரு மருத்துவச் சான்றுகள் வேண்டும். செவி, இதயம், நிறங்களைப் பிரித்தறியும் கண்பார்வை யாவும் சோதிக்கப்படும். அதில் குறை இருப்பின் வகுப்பும் வீண், தேர்வும் வீண். ஆகவே முதற்செலவு மருத்துவரிடமே என்றோம். தோடு அன்று அடகுக் கடைக்குப் போகவில்லை. பையன் கண் சோதனைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை நாள் வாங்கியிருக்கிறான்.