ஒரு கட்டளைக்கு எத்தனை கிலோபைட்?

10 மெகாபைட் படம் ஒன்றை ஹார்ட் டிஸ்கில் சேமிக்கிறோம். அத்தனையும் ஒரே கட்டளையில் போய்ச் சேர்வதில்லை. லினக்ஸ் கெர்னல் அதைத் துண்டு போட்டே அனுப்புகிறது. துண்டின் அளவை இரண்டு எல்லைகள் தீர்மானிக்கின்றன.

முதலாவது, வன்பொருள் எல்லை. ஹார்ட் டிஸ்குகளுக்கான பழைய ஏடிஏ இணைப்பு முறையின் கட்டளையில் செக்டர் எண்ணிக்கைக்கு இருந்த இடம் 8 பிட்தான். ஆகவே 512 பைட் செக்டர்கள் 256, அதாவது 128 கிலோபைட்டோடு சரி. 48 பிட் முகவரி முறையில் அந்த இடம் 16 பிட்டாக விரிந்தது. எல்லையும் 65,536 செக்டர்கள், அதாவது 32 மெகாபைட் ஆனது. ஆனால் 16 பிட்டில் 65,536-ஐ எழுத இடமில்லை. 0 என்று எழுதினால் அந்த எண் என்று பொருள். இந்தக் குழப்பமே வேண்டாமென்று கெர்னல் 65,535-இலேயே நின்றுவிடுகிறது. என்விஎம்இ டிஸ்க் தன் எல்லையைத் தானே சொல்லிவிடும்: குறைந்தபட்சப் பக்க அளவு 4 கிலோபைட்டாக இருந்து, அது 5 என்று சொன்னால் 2-இன் 5-ஆம் அடுக்கு, 32 பக்கங்கள், 128 கிலோபைட். சில யூஎஸ்பி சிப்களோ 32 கிலோபைட்டைத் தாண்டினாலே தடுமாறும். அவற்றைக் கெர்னல் தனிப் பட்டியலில் வைத்திருக்கிறது.

இரண்டாவது, மென்பொருள் எல்லை. சாதனத்தால் 32 மெகாபைட் முடியும் என்பதற்காக அவ்வளவையும் ஒரேயடியாக அனுப்பினால், பின்னால் நிற்கும் சின்னஞ்சிறு கோரிக்கையும் அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். துண்டு மிகச் சிறியதானாலும் நஷ்டம்தான். கட்டளைக்குக் கட்டளை ஆகும் வேலை பெருகிவிடும். 2015-இல் கெர்னலின் இயல்பு எல்லை 512-இலிருந்து 1280 கிலோபைட்டாக உயர்ந்தது. பல டிஸ்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு அமைப்பில் 10 தரவு டிஸ்குகளுக்குத் தலா 128 கிலோபைட் வீதம் ஒரு முழு வரியை (ஸ்ட்ரைப்) ஒரே கோரிக்கையில் எழுதிவிடலாம் என்பது கணக்கு. நம் 10 மெகாபைட் படத்துக்கு அந்த அளவில் 8 கட்டளைகள் போதும்.

மென்பொருள் எல்லையைக் கணினி நிர்வாகி தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். வன்பொருள் எல்லையை மீறிக் கேட்டால் கெர்னல் மறுத்துவிடும். அந்த எல்லையைக் கெர்னலுக்குச் சொல்வது சாதனத்தின் டிரைவர் என்பதால், அதை எழுதுபவரின் பொறுப்பு இங்கேதான் இருக்கிறது. சாதனத்தால் முடிவதைவிடக் கூட்டிச் சொன்னால் கட்டளைகள் பிழையில் முடியும். வேகத்துக்கு இதுவே நல்லது என்று தானே முடிவுசெய்து வன்பொருள் எல்லையைக் குறைத்துச் சொன்னால், அதற்கு மேலே போகும் வழியை நிர்வாகிக்கு அடைத்துவிடுகிறார். சாதனத்தின் திறனை உள்ளபடி சொல்வது டிரைவரின் வேலை. அதில் எவ்வளவைப் பயன்படுத்துவது என்பது கணினியை நடத்துபவரின் உரிமை.