பல்லியம் எழுதுவது எப்படி?

பாட்டைக் கேட்டு இன்புறுவோர் பலர், பாடுவோர் சிலர், பலர் கூடி அமர்ந்து வாசிப்பதற்கென்றே புதிய இசையைத் தாளில் எழுதுவோரோ நம்மிடையே மிகமிகச் சிலர். நம்மவர்க்குத் திறமை இல்லையா? இசைஞானம் இல்லையா? இரண்டும் உண்டு. வழி அறியாமைதான் தடை என்பது என் கருத்து. அவ்வழியை எனக்குத் தெரிந்த அளவில் இங்கே விளக்க முற்படுகிறேன்.

நான் வசிக்கும் ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூர்க் கண்டோன்மெண்டைச் சேர்ந்தது. தமிழர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதி. இங்கே தேவாலயத்தில் நான்கு குரல்கள் நான்கு வழியில் சென்று ஒன்றாய் இணையும் பாட்டும் கேட்கலாம். கோவிலில் ஒரே நாதஸ்வரம் ஓர் இராகத்தை விரித்து விரித்து வாசிப்பதும் கேட்கலாம். இவ்விரண்டு முறைகளும் ஒரே தாளில் சந்திக்க இயலுமா என்பதே நம் கேள்வி.

பல கருவிகள் கூடி ஒலிப்பது நமக்குப் புதிதன்று. ‘பல்லியம்’ என்ற சொல்லே பழந்தமிழ்ச் சொல். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன்பின் முழவும், இறுதியில் ஆமந்திரிகையும் சேரும் முறையை இளங்கோவடிகள் வரிசையாகச் சொல்லுகிறார். எந்தக் கருவி எப்போது நுழைய வேண்டும் என்ற கவலை அன்றே இருந்தது பாருங்கள்! பிற்காலத்தில் முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) மேனாட்டு மெட்டுகளைச் சங்கராபரணத்தில் ஏற்று, வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். அவையே நோட்டு ஸ்வரங்கள்.

நம் கன்னட நாட்டுக்கும் இதில் பங்குண்டு. மைசூர் மன்னர் ஜயசாமராஜ உடையார் 1948-ஆம் ஆண்டில் லண்டன் பில்ஹார்மோனியா கான்சர்ட் சொஸைட்டியின் முதல் தலைவரானார். ருஷ்ய இசையாசிரியர் மெட்னரின் படைப்புகள் இசைத்தட்டுகளாக வெளிவரப் பொருளுதவி செய்தார். அவரே கருநாடக முறையில் 90-க்கு மேற்பட்ட கீர்த்தனைகளும் இயற்றியவர்! வயலின் மேதை எல். சுப்பிரமணியத்தின் படைப்பை 1985-இல் ஜூபின் மேத்தா தலைமையில் நியூயார்க் பில்ஹார்மோனிக் வாசித்தது. பண்ணைப்புரத்து இளையராஜா 1986-இல் ‘ஹவ் டு நேம் இட்’ என்ற தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கினார். 2025 மார்ச் 8-ஆம் நாள் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்க்கெஸ்ட்ரா அவருடைய ‘வேலியண்ட்’ சிம்பொனியை அரங்கேற்றியது.

இனி, எழுதும் முறைக்கு வருவோம்.

பல்லியம் எழுதுபவன் முதலில் அறிய வேண்டியது கருவியின் எல்லை. ஒரு கட்டையை ஷட்ஜமாக வைத்தால், மேனாட்டு முறையில் சுருதி கூட்டிய வயலினின் கடைசித் தந்தி மந்திர பஞ்சமம். அதற்குக் கீழே ஒரு ஸ்வரம் எழுதிவிட்டால் வாசிப்பவர் வில்லைக் கீழே வைத்துவிட்டு நம்மைத்தான் பார்ப்பார்! மேனாட்டுப் புல்லாங்குழலின் கீழ் ஸ்வரங்கள் மென்மையானவை. அங்கே டிரம்பெட்டையும் சேர்த்து முழங்கவிட்டால் குழல் இருப்பதே தெரியாது. பி ஃப்ளாட் கிளாரினெட் எழுதியதைவிட ஒரு முழு ஸ்வரம் தாழ்ந்து ஒலிக்கும். ஆகவே அதற்கு ஒரு முழு ஸ்வரம் உயர்த்தி எழுத வேண்டும்.

எழுதும் தாளில் மேலே மரக்குழல்கள், அடுத்துப் பித்தளைக் குழல்கள், பிறகு தாளக் கருவிகள், அடியில் தந்திக் கருவிகள் என வரிசை அமையும். நெட்டாகப் பார்த்தால் ஒரே கணத்தில் ஒலிப்பவை தெரியும். கிடையாகப் பார்த்தால் ஒவ்வொருவர் செல்லும் வழியும் தெரியும். நம் சங்கீதப் பயிற்சி கிடையாகப் பார்க்கப் பழக்கியது. நெட்டாகவும் பார்க்கப் பழகுவதே புதிய பாடம்.

இங்கேதான் உண்மையான சிக்கல் எழுகிறது. மோகனத்தில் ஸ, ரி, க, ப, த என்ற ஐந்தே ஸ்வரங்கள். அவற்றுள் ஸ-க-ப என்ற கூட்டு கிடைக்கும். த-ஸ-க என்ற கூட்டும் கிடைக்கும். ஆனால் மேனாட்டார் அடிக்கடி கையாளும் ப-நி-ரி கூட்டு கிடையாது. பழக்கத்தால் அதை நுழைத்தால், நிஷாதம் புகுந்து மோகனம் மறைந்தே போகும். இன்னும் ஓர் ஆபத்து உண்டு. அடிநாதம் தைவதத்திலேயே நிலைத்துவிட்டால், செவி அதையே ஷட்ஜமாகக் கொள்ளும். மேலே மோகனத்தையே வாசித்தாலும் கேட்பவர்க்குச் சுத்த தன்யாசி போலத் தோன்றும். நம் கச்சேரியில் தம்புரா செய்யும் காவல் வேலையைப் பல்லியத்தில் அடிநாதக் கருவிதான் செய்ய வேண்டும். இதை மறந்தவன் எத்தனை கருவிகளைச் சேர்த்தும் பயனில்லை.

அடுத்தது கமகம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் ஸ்வரமா? அன்று, அசைந்து உயிர்பெறும் ஸ்வரம். பத்து வயலின்கள் தத்தம் விருப்பம்போல் அதை அசைத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. கமகம் மிகுந்த பிடிகளைத் தனிக்கருவி ஒன்றிடம் ஒப்படைத்து, மற்றவற்றுக்கு நீண்ட, அசையாத ஸ்வரங்களைக் கொடுக்கலாம். அல்லது ஓர் அட்சரத்தில் எத்தனை அசைவு என்று சிறு ஸ்வரங்களாகப் பிரித்து எழுதி, எல்லோரையும் ஒருமிக்க வாசிக்கச் செய்யலாம். முன்னது எளிது, பின்னது ஒத்திகை மிகுதியாக வேண்டுவது.

தொடங்க விரும்புவோர்க்கு நான் ஹம்ஸத்வனியைச் சொல்லுவேன். ஸ-க-ப, ப-நி-ரி என்ற இரு கூட்டுகளும் அதன் ஸ்வரங்களுக்குள்ளேயே அமைகின்றன. இராகமும் கெடாது, இணைப்பிசையும் குறையாது. இரண்டு வயலின், ஒரு புல்லாங்குழல், ஒரு வீணை, ஒரு செல்லோ, ஒரு மிருதங்கம் போதும். ஆதி தாளத்தில் பதினாறு ஆவர்த்தனம் எழுதுங்கள். எல்லோரையும் எப்போதும் வாசிக்க வைக்காதீர்கள். மௌனமும் ஒரு கருவியே. ஒவ்வொருவர்க்கும் தனித்தாள் படியெடுத்துக் கொடுங்கள். ஒத்திகையில் பிசகினால் வாசிப்பவரைக் கடிந்துகொள்ளுமுன் உங்கள் தாளைத் திரும்பப் பாருங்கள்.

நம் சங்க ஆண்டு விழாக்களில் பிறர் அமைத்த மெட்டுகளையே திரும்பத் திரும்ப வாசிக்கிறோம். அதில் இழுக்கில்லை. ஆனால் நம் இராகங்களின் இயல்பறிந்த நாம் எழுதாவிட்டால், அவ்வியல்பு அறியாதவர் எழுதுவர். மோகனம் என்ற பெயரில் வேறெதையோ நம் பிள்ளைகள் கேட்பர். வரும் ஆண்டு விழாவிலேனும் நம் மாணவர் ஒருவரின் சொந்தப் பல்லியம் ஒலிக்கட்டும்! தாளும் பேனாவும் எடுங்கள், நண்பர்களே!