சுறுமாச் சிமிழுக்குள் ஓர் உலோகம்

சில மாதங்களுக்கு முன் சாதாரண தர வகுப்பில் திசைச்சொற்கள் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வக்கீல், ஜில்லா, வசூல் என்று அரபியிலிருந்து தமிழுக்கு வந்த சொற்களைக் கரும்பலகையில் எழுதியபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழும்பினாள். "சேர், அல்கஹோல் எண்டதும் அரபுச் சொல்தானாம். சயன்ஸ் டீச்சர் சொன்னா. ஹராமான சாமானுக்கு எப்பிடி சேர் அரபுப் பேர் வந்தது?"

வகுப்பு சிரித்தது. கேள்வி சிரிக்கக்கூடியதல்ல. அதற்கு விடை தேடிப் போனால் நம் உம்மும்மாக்களின் அலுமாரியில் இருக்கும் சுறுமாச் சிமிழில்தான் வந்து நிற்கவேண்டியிருக்கும். 'அல்-குஹ்ல்' என்றால் அரபியில் கண்ணுக்கு இடும் மை. சாராயத்துக்கும் அதற்கும் ஆதியில் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஒரு கல், பல பெயர்கள்

அந்திமனி என்பது 51ஆம் மூலகம். வெள்ளி போல் மினுங்கும். ஆனால் வெள்ளியைப் போல அடித்துத் தகடாக்க முடியாது. சுத்தியலால் தட்டினால் நொறுங்கிப்போகும். சுமார் 630 பாகை செல்சியஸில் உருகும். நிலத்தில் இது பெரும்பாலும் கந்தகத்தோடு சேர்ந்து ஸ்டிப்னைட்டு என்னும் கருஞ்சாம்பல் நிறக் கனியமாகக் கிடைக்கிறது. ஊசி ஊசியாக நீண்ட பளிங்குகள். அரைத்தால் கன்னங்கரேலென்ற தூள்.

இந்தக் கருந்தூளைக் கண்ணுக்கு இடும் வழக்கம் மிகப் பழையது. கிரேக்கர் அதை 'ஸ்டிம்மி' என்றனர், உரோமர் 'ஸ்டிபியம்' என்றனர். இன்றும் அந்திமனியின் குறியீடு 'எஸ்பி' என்று இருப்பது அந்த ஸ்டிபியத்தால்தான். அரபியில் அந்தக் கல் 'இஸ்மித்'. பாரசீகத்தில் 'சுர்மா', அதுவே நம் வாயில் சுறுமா ஆயிற்று. தமிழில் அஞ்சனம், அஞ்சனக்கல் என்போம்.

நபி (ஸல்) அவர்கள் சுறுமாக்களில் இஸ்மிதைச் சிறப்பித்து, அது பார்வையைத் தெளிவாக்கும், இமை முடியை வளர்க்கும் என்ற கருத்தில் கூறிய ஹதீஸ் அபூதாவூத், திர்மிதி முதலிய தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. நம் ஊர்களில் சுறுமாவுக்கு இருக்கும் மதிப்பு அங்கிருந்து வருவது.

கீமியாக்காரரின் கையில்

கண்மையாக இருந்த கல் எப்படி அறிவியலுக்குள் வந்தது? 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரில் ஒரு பெரிய நூற்தொகுதியே உண்டு. அவருக்குப் பின் வந்த அபூபக்ர் அர்ராஸி, 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனியங்களை வகைவகையாகப் பிரித்து எழுதினார். ஆவியாகுபவை, உலோகங்கள், கற்கள், உப்புக்கள் என்று போகும் அந்தப் பிரிப்பில் குஹ்ல் கற்களின் வரிசையில் வருகிறது. ஒரு பொருளைப் பெயர் சொல்லி, இனம் பிரித்து, சூடாக்கினால் என்ன ஆகும் என்று பார்த்து எழுதுவது: இரசவாதத்துக்குள்ளேயே இரசாயனவியல் முளைவிட்டது இப்படித்தான்.

இந்த நூல்கள் இலத்தீனுக்குப் போனபோது சொற்களும் கூடவே போயின. குஹ்ல் என்பது மிக நுண்ணிய தூள் அல்லவா? ஐரோப்பியர் முதலில் நுண்ணிய தூள் எதையும் 'அல்கஹோல்' என்றனர். பிறகு, ஒரு பொருளின் சாரத்தைப் பிரித்தெடுத்தால் அதுவும் அல்கஹோல் ஆயிற்று. 16ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்து மருத்துவர் பரசெல்சஸ் திராட்சை மதுவிலிருந்து வடித்த சாரத்தை 'மதுவின் அல்கஹோல்' என்று எழுதினார். காலப்போக்கில் முன்சொல் உதிர்ந்தது, பின்சொல் மட்டும் மிஞ்சியது. அந்த மாணவிக்கான பதில் இதுதான்: பெயர் நம்முடையது, பொருள் பிறகு வந்து ஏறிக்கொண்டது.

ஓநாயும் சிற்றரசனும்

ஐரோப்பிய இரசவாதிகள் அந்திமனியில் மயங்கியதற்குக் காரணம் பொன். செம்பும் வெள்ளியும் கலந்த மட்டமான பொன்னை ஸ்டிப்னைட்டோடு சேர்த்து உருக்கினால், கல்லில் உள்ள கந்தகம் செம்பையும் வெள்ளியையும் பற்றிக்கொண்டு மேலே கசடாக நிற்கும். பொன் அந்திமனியோடு கலந்து அடியில் தங்கும். அதை மீண்டும் உருக்கிக் காற்றை ஊதினால் அந்திமனி வெண்புகையாகப் போய்விடும், சுத்தப்பொன் மிஞ்சும். எல்லா உலோகத்தையும் விழுங்கி, பொன்னை மட்டும் திருப்பித் தரும் இந்தக் கல்லை 'உலோகங்களின் ஓநாய்' என்றார்கள்.

கல்லிலிருந்து உலோகத்தைப் பிரிக்கும் வழியும் எளியது. உருகிய ஸ்டிப்னைட்டில் இரும்பாணிகளைப் போடுவார்கள். கந்தகம் அந்திமனியை விட்டுவிட்டு இரும்பைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். விடுபட்ட உலோகம் அடியில் இறங்கும். பொன்னோடு எளிதில் சேர்வதால் அதற்கு 'ரெகுலஸ்', அதாவது சிற்றரசன், என்று பெயரிட்டார்கள். மெல்ல ஆறவிட்டால் அதன் மேற்பரப்பில் நட்சத்திரம் போலக் கோடுகள் விரியும். ஈர்ப்பு விதியைத் தந்த நியூட்டனே கேம்பிரிஜில் உலை மூட்டி இந்த நட்சத்திர ரெகுலஸைச் செய்து பார்த்திருக்கிறார்.

கந்தகம் ஏன் ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிக்கிறது? இந்தக் கேள்விதான் முக்கியம். 1718இல் பிரான்சின் ஜோஃப்ருவா, எந்தப் பொருள் எதை அதிகம் நாடும் என்று ஓர் அட்டவணை வெளியிட்டார். கந்தகத்தின் நிரலில் இரும்பு மேலே, அந்திமனி கீழே. பொன் செய்யும் கனவோடு உலை ஊதியவர்களின் அனுபவம் அங்கே விதியாக மாறுகிறது. 1789இல் லவாய்சியர் மூலகங்களைப் பட்டியலிட்டபோது அந்திமனிக்கும் அதில் இடம் கிடைத்தது.

மருந்தா, நஞ்சா?

பரசெல்சஸ் வழிவந்தவர்கள் அந்திமனியை உள்ளுக்கும் கொடுத்தார்கள். 1604இல் 'அந்திமனியின் வெற்றித்தேர்' என்ற புத்தகம் ஜெர்மன் மொழியில் வந்தது. பசில் வலன்டைன் என்ற பழைய துறவி எழுதியதாகப் போட்டிருந்தது. பதிப்பித்த யோஹான் தோல்டேயின் கைவண்ணமே அது என்பது பல ஆய்வாளர் கருத்து.

அந்திமனி வாந்தியையும் பேதியையும் உண்டாக்கும். உடம்பிலுள்ள கெட்டது வெளியேறினால் நோய் போகும் என்று நம்பிய காலமது. அந்திமனியால் செய்த கிண்ணத்தில் இரவு மதுவை ஊற்றிவைத்துக் காலையில் குடித்தார்கள். 'நித்திய மாத்திரை' என்றும் ஒன்று இருந்தது. சிறு உலோக உருண்டை. விழுங்குவது, பேதியானதும் தேடியெடுத்துக் கழுவுவது, அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்வது. குடும்பச் சொத்தாகப் பிள்ளைகளுக்கும் போனதாம்!

பாரிஸ் மருத்துவர்கள் இதை நஞ்சென்று எதிர்த்து 1566இல் தடை வாங்கினார்கள். 1658இல் இளம் மன்னர் பதினான்காம் லூயி கடும் காய்ச்சலில் கிடந்தபோது அந்திமனி கலந்த மது கொடுக்கப்பட்டது. அவர் பிழைத்தார். 1666இல் தடை நீங்கியது. ஒரு மனிதர், அதுவும் மன்னர், பிழைத்ததால் ஒரு மருந்து நல்லதென்று முடிவானது. மருந்தால் பிழைத்தாரா, மருந்தையும் மீறிப் பிழைத்தாரா என்று அன்று பிரித்தறிய வழியில்லை.

ஆனாலும் அந்திமனி மருத்துவத்தை விட்டு முற்றாகப் போகவில்லை. 1920களில் கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி உருவாக்கிய அந்திமனிச் சேர்வை காலா அசார் நோயில் எத்தனையோ உயிர்களைக் காத்தது. இன்று நம் நாட்டிலும் மணல் ஈ கடித்து வரும் லீஷ்மேனியாசிஸ் தோற்புண்ணுக்கு அந்திமனி ஊசி போடுகிறார்கள். அளந்து, சோதித்து, வைத்தியர் கையால்.

எழுத்துக்கும் இது உதவியது. ஈயம் தனியே மிருதுவானது. அந்திமனியும் வெள்ளீயமும் சேர்த்தால்தான் அச்செழுத்து தேயாமல், விளிம்பு கூராக நிற்கும். சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கிய காலம், அந்த ஈய எழுத்துக்களின் காலம்.

சிமிழுக்குள் இப்போது இருப்பது

இனி நம் வீட்டு விஷயம். ஸ்டிப்னைட்டைப் போலவே கறுத்து மினுங்கும் இன்னொரு கல் உண்டு. அது கலீனா; ஈயமும் கந்தகமும் சேர்ந்தது. பழங்காலத்திலேயே இரண்டும் குழம்பிப்போயின. 1ஆம் நூற்றாண்டின் டயஸ்கொரிடீஸ், ஸ்டிம்மியை அதிகம் சுட்டால் ஈயமாகிவிடும் என்று எழுதினார். பண்டைய எகிப்தின் கண்மைகளை இக்காலத்தில் சோதித்தபோது பெரும்பாலானவற்றில் இருந்தது ஈயக்கல். சிறந்த இஸ்மித் இஸ்பஹானிலிருந்து வருவது, உடைத்தால் துண்டுகள் பளபளக்கும் என்று இப்னுல் கையிம் விவரிக்கிறார். அந்தப் பளபளப்பு இரண்டு கல்லுக்கும் பொருந்தும்.

கல்லாக இருந்தால் ஓரளவு பிரித்தறியலாம். ஸ்டிப்னைட்டு ஊசியாக நீளும், எடை குறைவு. கலீனா சதுரக் கட்டிகளாக உடையும், கையில் கனக்கும். தூளாக்கிவிட்டால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இன்று பல நாடுகளில் கடைச் சுறுமாவைச் சோதித்தவர்கள் ஏராளமான ஈயம் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் இத்தகைய கண்மையை விற்க அனுமதியில்லை. குமிழியில் 'இஸ்மித்' என்று அச்சடித்திருப்பது உள்ளே இருப்பதற்குச் சாட்சி அல்ல.

"நாங்க எல்லாரும் சுறுமா போட்டு வளந்த ஆக்கள்தானே, எங்களுக்கு என்ன நடந்த?" என்று என் உம்மாவே கேட்டார். ஈயம் உடனே விழுத்தும் நஞ்சல்ல. பிள்ளை கண்ணைக் கசக்கி, அதே விரலைச் சூப்பும். விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு கூடுதலாகச் சிறுபிள்ளையின் உடல் உறிஞ்சும். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கற்கும் ஆற்றலைக் குறைக்கும். இந்த அளவுக்குக் கீழே பயமில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வகுப்பில் பின்தங்கும் ஒரு பிள்ளையைப் பார்த்து, இது சுறுமாவால் என்று யாரும் சொல்லமுடியாது. அதனால்தான் யாரும் கவனிப்பதுமில்லை.

இதைச் சொன்னால் சுன்னத்தை மறுப்பதாகச் சிலர் கோபிப்பார்கள். ஹதீஸ் ஒரு குறிப்பிட்ட கல்லைப் பெயர் சொல்லிக் கூறுகிறது. சந்தையில் அந்தப் பெயருக்குப் பின்னால் வேறொரு கல் வந்து உட்கார்ந்திருந்தால், அதை விசாரிப்பது ஹதீஸை மதிப்பதே. உலோகங்களைப் பிரித்தறியக் கற்றுக்கொடுத்த அர்ராஸியின் வாரிசுகள் நாங்கள்.

ஆகவே, பிறந்த பிள்ளைக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் சுறுமா இடுவதை நிறுத்துவோம். பெரியவர்கள் இடுவதானால், ஆய்வுகூட அறிக்கை இல்லாத தூளை வாங்கவேண்டாம். ஹஜ்ஜுக்குப் போனவர் அன்போடு கொண்டுவந்ததானாலும் சரி. நீண்ட காலம் இட்டுவந்த பிள்ளை வீட்டில் இருந்தால் வைத்தியரிடம் சொல்லி, இரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதிக்க முடியுமா என்று கேளுங்கள்.

உம்மா தன் சிமிழை இன்னும் எறியவில்லை. அது அவருடைய உம்மா கொடுத்த பித்தளைச் சிமிழ். தூளை மட்டும் கொட்டிவிட்டு, கழுவித் துடைத்து அலுமாரியில் வைத்திருக்கிறார்.