சோலார் பேட்டரி சீக்கிரம் கெடுகிறதா? கன்ட்ரோலரைக் கவனியுங்கள்

சேலம், நாமக்கல் பகுதிகளில் காட்டுப்பன்றியைத் தடுக்கும் சோலார் வேலி, விளக்குப்பொறி, கோழிப்பண்ணை விளக்கு எனப் பலவும் 12 வோல்ட் பேட்டரியை நம்பியே ஓடுகின்றன. அது இரவில் கைவிட்டால் விளைச்சல் பன்றிக்குத்தான்.

36 செல் பேனல் நல்ல வெயிலில் சுமார் 18 வோல்ட் தரும். அதை நேரடியாக இணைத்தால் பேட்டரி அளவுக்கு மீறி ஏறி, நீர் வற்றி, தகடுகள் கெடும். இதைத் தடுப்பதே பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர்.

தொட்டி நிரம்ப நிரம்பக் குழாயைச் சிறுகச் சிறுக மூடுவது போன்றது இதன் வேலை. மின்சாரத்தை நொடிக்குப் பலமுறை விட்டுவிட்டு அனுப்பும். ஈய அமில பேட்டரி 14.4 வோல்ட்டை நெருங்கியதும் விடும் நேரத்தைக் குறைக்கும், நிறைந்தபின் 13.6 வோல்ட் அளவில் நிறுத்தும். கோடை வெப்பத்துக்கு ஏற்ப இந்த அளவைத் தானே குறைக்கும் கன்ட்ரோலர் நம் பகுதிக்கு ஏற்றது.

கவனிக்க வேண்டியவை:

* முதலில் பேட்டரி, பிறகு பேனலை இணைக்கவும். கழற்றும்போது பேனலை முதலில் கழற்றவும்.
* லித்தியம் பேட்டரி என்றால் அதற்குரிய அமைப்பு உள்ள கன்ட்ரோலரையே வாங்கவும்.
* 72 செல் பேனலை 12 வோல்ட் பேட்டரிக்கு வைத்தால் பாதிக்கும் மேலான சக்தி வீணாகும், அதற்கு எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் தேவை.

சோலார் வேலி, பம்புசெட் மானியம் பற்றி அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.