வார்த்தையும் பலிபீடமும் – 17: மாற்குவுக்குக் கிடைத்த முதலிடம்

1963 டிசம்பர் 4-இல் வெளியான திருவழிபாடு பற்றிய சங்க ஏட்டோடு சென்ற வாரம் நிறுத்தினேன். விவிலியத்தை மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவிட வேண்டும் என்று அது கேட்டது; மற்றவை உங்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் மறையுரை என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். வாரம் முழுக்க என்னை விடாமல் பிடித்திருந்தது அது.

ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுகளில் ஒரு சுற்று வருகின்றன. முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. யோவானுக்குத் தனி ஆண்டு கிடையாது. பாஸ்கா காலம் பெரும்பாலும் அவருடையது. இது எந்த ஆண்டு என்று அறிய, ஆண்டை 3-ஆல் வகுத்தால் போதும். மீதி இல்லையென்றால் மூன்றாம் ஆண்டு. 2025 அப்படிப்பட்டது. 2026-இல் மீதி 1, மத்தேயு. 2027-இல் மீதி 2, மாற்கு. (திருவழிபாட்டு ஆண்டு முந்தைய ஆண்டின் திருவருகைக் காலத்திலேயே பிறந்துவிடும்.) கி.பி. 1-ஐ முதல் ஆண்டாக வைத்து எண்ணி வந்தது போன்ற கணக்கு இது என்று வாசக நூலின் முன்னுரையே சொல்கிறது.

இப்போது இந்தக் கணக்கை அந்த நூலின் மீதே போட்டுப் பாருங்கள். ஆறாம் பவுல் காலத்தில், 1969 மே 25-ஆம் தேதியிட்ட ஆணையோடு புதிய வாசக ஒழுங்கு வெளியானது. நடைமுறைக்கு வரக் குறித்த நாள் அதே ஆண்டு நவம்பர் 30, திருவருகைக் கால முதல் ஞாயிறு. அன்று பிறந்தது 1970-க்கான ஆண்டு. 1970-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 2. ஆகவே புத்தம் புதிய ஏற்பாடு முதல் ஆண்டிலிருந்து தொடங்கவில்லை. இரண்டாம் ஆண்டிலிருந்து, மாற்குவிலிருந்து தொடங்கியது!

யார் இந்த மாற்கு? ஐந்தாம் பயஸ் 1570-இல் வெளியிட்ட திருப்பலி நூலின்படி, ஞாயிறுகளில் அவர் தலைகாட்டியது உயிர்ப்பு ஞாயிறன்றும், பெந்தகோஸ்துக்குப் பின் 6, 11-ஆம் ஞாயிறுகளிலும்தான். நானூறு ஆண்டுகள் ஓரமாக நின்றவருக்கு முதலிடம் கொடுத்தது எந்த அறிஞரின் விருப்பமும் அல்ல, நாள்காட்டி. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. கத்தோலிக்க வழிபாட்டில் ஞாயிறு வாசகத்தைப் பங்குக் குரு தனக்குப் பிடித்தபடி எடுப்பதில்லை. தனக்குக் கசக்கும் பகுதியும் வரும். வந்தால் அதை வைத்துத்தான் பேச வேண்டும்.

சுழற்சி என்ற எண்ணமும் புதிதல்ல. ஹிப்போவில் புனித அகுஸ்தினாரின் காலத்தில் ஆண்டவரின் பாடுகள் மத்தேயுவிலிருந்து மட்டுமே வாசிக்கப்பட்டன. ஆண்டுக்கு ஒரு நற்செய்தியாளராக மாற்றி வாசிக்கலாம் என்று அவர் முயன்றார். பழகிய வாசகம் வரவில்லை என்று மக்கள் கலங்கிப் போனார்கள். இதை அவரே ஒரு மறையுரையில் சொல்லியிருக்கிறார். அவர் விரும்பியது வழக்கமாக வேரூன்ற ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

மாற்குவில் 16 அதிகாரங்கள்தான். ஓர் ஆண்டுக்குப் போதாது. அதனால் இரண்டாம் ஆண்டின் பொதுக்காலம் 17 முதல் 21 வரை ஐந்து ஞாயிறுகள் யோவான் 6-க்குப் போகின்றன. 17-ஆம் ஞாயிறன்று எலிசா 20 வாற்கோதுமை அப்பங்களால் 100 பேருக்கு உணவளிக்கிறார். நற்செய்தியில் இயேசு ஐந்து வாற்கோதுமை அப்பங்களால் ஐயாயிரம் பேருக்கு. முதல் வாசகம் நற்செய்திக்காகவே தேர்ந்தெடுக்கப்படுவதால் இந்தப் பொருத்தம். நடுவில் வரும் எபேசியர் 4 அப்படியல்ல; பொதுக்காலத்தில் இரண்டாம் வாசகம் தன் திருமுகத்தைத் தொடர்ந்து வாசித்துக்கொண்டு தன் வழியே போகும். இது தெரியாமல் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டப் பார்க்கும் மறையுரைகள் மூச்சுத் திணறுகின்றன.

மறையுரை வழிபாட்டின் பகுதியே, ஞாயிறுகளில் தக்க காரணமின்றி அதை விடக்கூடாது என்கிறது அதே சங்க ஏட்டின் 52-ஆம் பத்தி. அடுத்த வாரம் அங்கிருந்து.